தேக்குக்கு ஏற்ற பிட்டும் அடிக்கூலியும்

"பிட்டு மட்டும் மரத்துக்குத் தக்கபடி வேணும்ங்கறீங்க சார், அடிக்கு இவ்வளவுன்னு தர்ற அடிக்கூலி மட்டும் எல்லா மரத்துக்கும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்று அந்த ஆசாரி கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, தேக்கில் அந்த ரூட்டர் பிட்டை (மரத்தின் விளிம்பைச் செதுக்கும் ரூட்டர் மெஷினில் சுழலும் வெட்டுமுனையை) ஓட்டக் கூடாது என்பதையே மறுபடியும் சொல்லி, தலைவாசல் கதவின் மோல்டிங் (அலங்கார விளிம்பு) வேலையை நிறுத்தி வைத்தேன்.

நிறுத்தியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் வைத்திருந்தது, மலிவான பெட்டித் தொகுப்பில் வரும் கால் அங்குலத் தண்டுள்ள பிட். அதில் மிகக் கடினமான வெட்டுப்பொருளான கார்பைடின் பட்டை தண்டோடு சேரும் இடத்தில் பற்றவைப்பு சீராக இல்லை. நகத்தால் தடவினாலே இடைவெளி தெரிந்தது. பட்டையும் மெல்லியது என்பதால் இரண்டு முறை சாணை பிடிக்கவே தாங்காது. தேக்கு அப்படியொன்றும் மிகக் கடினமான மரமன்று, வேங்கை அதைவிடக் கடினம். ஆனால் தேக்கின் நாரில் இருக்கும் சிலிக்கா எந்த வெட்டுமுனையையும் விரைவில் மழுக்கிவிடும். சாதாரண ஹைஸ்பீடு ஸ்டீல் பிட் அதில் வெகுநேரம் நிற்காது, கார்பைடு கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். முனை மழுங்கிய பிட் மரத்தை வெட்டாமல் தேய்க்கிறது. தேய்ப்பதால் சூடேறி மரம் கருகுகிறது. வெட்டவில்லையே என்று ஆள் மெஷினை அழுத்தித் தள்ளும்போதுதான் கை நழுவுகிறது. அவருடைய விரல்களுக்காகவும்தான் நிறுத்தினேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அரை அங்குலத் தண்டு வாங்குங்கள் என்றும் அன்று சொன்னேன். தண்டின் விட்டம் இரு மடங்கானால் அது வளைவை எதிர்க்கும் திறன் பதினாறு மடங்காகும், அதிர்வு குறையும், வெட்டிய பரப்பில் அலைக்கோடு விழாது. இவற்றில் எதையும் அவர் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய மெஷினில் தண்டைப் பிடிக்கும் காலெட் கால் அங்குலம்தான் பிடிக்கும். நான் பிட்டை மாற்றச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் காதில் அது புது மெஷின் வாங்கச் சொன்னதாகவே விழுந்திருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் ஆசாரிகள் தங்கள் கருவியோடு வருவதுதான் வழக்கம் என்பதால், நல்ல பிட்டின் விலை கதவு வாங்குகிறவரையோ முதலாளியையோ தொடாமல் நேராக அவர் கூலியில் போய் இறங்குகிறது. கூலியை முடிவு செய்வது முதலாளி என்பது உண்மை. அந்தக் கூலியை ஆசாரிகளிடம் சொல்லி வேலை வாங்குவது நான் என்பதும் உண்மை.

பிறகு முதலாளியிடம் பேசி, கடின மர வேலைக்கான மெஷினையும் பிட்டுகளையும் பட்டறையே வாங்கித் தர ஏற்பாடு செய்தேன். நியாயம் செய்துவிட்டதாகத்தான் முதலில் பட்டது. ஆனால் அந்த ஆசாரி தன் மலிவான பிட்டைக்கூட மாலையில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒட்டிய பிசினைப் பிரஷால் தேய்த்துத் துடைத்து, தனித்தனியாகத் துணியில் சுற்றி வைப்பார். பட்டறையின் விலையுயர்ந்த பிட்டுகள் இப்போது ஒரே டப்பாவில் ஒன்றோடொன்று உரசிக் கிடக்கின்றன. கார்பைடு எவ்வளவு கடினமோ அவ்வளவு எளிதில் உதிர்வதும்கூட. முன்பு அவரவர் பிட் எவ்வளவு காலம் உழைத்தது என்று நான் கவனித்ததே இல்லை. ஆகவே இப்போது இவை சீக்கிரம் மழுங்குவதற்குத் தேக்கின் சிலிக்கா காரணமா, பொதுப் பொருள் என்ற அலட்சியம் காரணமா என்று முதலாளி கேட்கும்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அடிக்கூலி இன்னும் எல்லா மரத்துக்கும் ஒன்றாகவே இருக்கிறது.