பாதி மூடிய இணைப்பு

கூடலூரிலும் பந்தலூரிலும் உள்ள நண்பர்களுக்காக சி மொழியில் ஒரு ப்ராக்ஸி சர்வர், அதாவது அவர்களுக்கும் இணையதளங்களுக்கும் நடுவில் நின்று தரவைக் கைமாற்றும் நிரல், எழுதிப் பராமரிக்கிறேன். அதில் நான் அதிகம் உழைப்பது, இணைப்பு முடியும் தருணத்தைக் கையாளும் பகுதிக்குத்தான்.

இணைப்பின் முனையான சாக்கெட்டில் ஏதோ வந்திருப்பதாக, சாக்கெட்டுகளைக் கண்காணிக்கும் லினக்ஸின் ஈபோல் வசதி சொல்கிறது. வந்ததைப் படிக்க ரீட் கட்டளையை அழைத்தால் பூஜ்யம் திரும்புகிறது. உடனே இரு பக்கத்தையும் மூடிவிடும் நிரல்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எதிர்முனை இனி எதையும் அனுப்பாது என்பதே அந்தப் பூஜ்யத்தின் பொருள். பதிலைப் பெற அது இன்னும் காத்திருக்கலாம். முதலில் அந்தச் சாக்கெட்டைப் படிக்கும் கண்காணிப்பிலிருந்து நீக்க வேண்டும். இல்லையென்றால் ஈபோல் அதையே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். பிறகு, மிச்சமிருக்கும் பைட்டுகளை மறுபக்கம் எழுதி முடித்து, அங்கே எழுதும் திசையை மட்டும் ஷட்டவுன் செய்ய வேண்டும். இரு திசைகளும் ஓய்ந்த பிறகே முழுதாக மூடும் க்ளோஸ். இந்த வரிசை மாறினால் பதிவிறக்கம் பாதியில் அறுந்துபோகும்.

ஆடி மாதத்தில் தொல்லை வேறு விதம். காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போனால், வீட்டு ரௌட்டர் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். சென்னையிலிருக்கும் சர்வருக்கு எந்த நிகழ்வும் வராது. எதிர்முனை இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவை இயக்கினாலும், லினக்ஸின் இயல்பு அமைப்பில் 7,200 விநாடி அமைதிக்குப் பிறகே முதல் சோதனைப் பொட்டலம் கிளம்பும். மலையூர்களுக்கு அது கட்டுப்படியாகாது. 60 விநாடி வைத்திருக்கிறேன். அனுப்பிய தரவு போய்ச் சேர்ந்தது என்ற ஒப்புகை வராமல் தொங்கும் இணைப்புக்கு அதுவும் உதவாது. அங்கே, ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் டிசிபி யூசர் டைம்அவுட் என்ற அமைப்பைத்தான் நம்புகிறேன்.