அம்மா வீட்டில் கேமரா வேண்டாம், சென்சார் போதும்

வயதான அம்மா தனியாக இருக்கிறார் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது கேமரா வைத்துவிடு என்பதுதான். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. தன் வீட்டுக்குள்ளேயே யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்போடு அவர் ஏன் நடமாட வேண்டும்? அம்மாவிடம் கேட்டுவிட்டு, அசைவை உணரும் சென்சார் மட்டும் வைத்தோம். காலையில் வழக்கமான நேரத்துக்குச் சமையலறைப் பக்கம் நடமாட்டம் இல்லையென்றால் என் போனுக்குத் தகவல் வந்துவிடும், உடனே கூப்பிட்டுப் பேசிவிடுவேன்.

அதைவிட முக்கியம் இரவு வெளிச்சம். கட்டிலைவிட்டு இறங்கியதும் தானாக எரியும் சின்னச் சின்ன விளக்குகள், கழிப்பறை வரைக்கும். இருட்டில் சுவிட்சைத் தேடித் தடவும்போது விழுந்தால் என்ன ஆவது?

அப்புறம் கைக்கடிகாரம். ஆப்பிள் வாட்சில் 2018-இல் வந்த சீரிஸ் 4 முதல், பலமாக விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. ஏறக்குறைய ஒரு நிமிடம் அசைவே இல்லையென்றால் அதுவே அவசர உதவியை அழைக்கும். ஆனால் அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும், இரவில் கழற்றிச் சார்ஜில் போட்டுவிட்டால் கழிப்பறைக்கு எழுந்து போகும்போது கையில் இருக்காது. அதனால் சாயங்காலம் டிவி பார்க்கும் நேரத்தில் சார்ஜ் போடச் சொல்லுங்கள். அம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார்.