நிறுத்திய மூன்றாம் நாள்

குடிக்கிற ஆளுக்கு ஊரே அறிவுரை சொல்லும். "மனசு வெச்சா முடியாதா? ஒரே முடிவா விட்டுடு" என்பதை வடசென்னை ராயபுரத்தில் நான் வளர்ந்த தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கேட்டிருக்கிறேன். அம்மா சொல்வார், மாமியார் சொல்வார், வட்டி வசூலிக்க வரும் தண்டல்காரர்கூட சொல்லிவிட்டுப் போவார். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏன் குடிக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். "கெட்ட சகவாசம்" என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஐஸ் பெட்டி தூக்குகிறவர், கொருக்குப்பேட்டையில் மூட்டை இறக்குகிறவர், ஹார்பருக்குள் போக எண்ணூர் ரோட்டில் மணிக்கணக்காக வரிசையில் கிடக்கிற கன்டெய்னர் டிரைவர், இவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உடம்பு வலிக்குதுப்பா, ஒரு கட்டிங் போட்டாதான் தூக்கம் வருது." அது பொய் இல்லை. முதலில் வலி மரத்துப்போகும், தூக்கமும் வரும். ஆனால் அந்தத் தூக்கம் பாதி ராத்திரியில் கலையும், காலையில் அலுப்பு இரட்டிப்பாக இருக்கும், அந்த அலுப்புக்கு மறுபடி ஒரு கட்டிங். கொஞ்ச நாளில் கட்டிங் என்கிற பாதி குவார்ட்டர் பத்தாமல் முழுக் குவார்ட்டர் ஆகும். பகல் 12 மணிக்கு டாஸ்மாக் கடை திறக்கும்வரை பொறுக்க முடியாமல், விலையை ஏற்றி பிளாக்கில் விற்கிறவரைத் தேடி விடிகாலையில் போக ஆரம்பித்துவிட்டால் அது வலிக்காகக் குடிப்பதில்லை, கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிப்பது.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலிலேயே 42.8 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு அளவு என்பது 10 கிராம், அப்படியானால் ஆறு அளவு. அதை வெறும் வயிற்றில், நின்றபடியே, ஒரு தண்ணீர் பாக்கெட்டைக் கலந்து சில நிமிடத்தில் முடித்துவிட்டுப் போகிறார்கள்.

தினமும் இப்படி ஊற்றினால் மூளை சும்மா இருக்காது. சாராயம் அதை மந்தப்படுத்துகிறது, மூளை விழித்திருப்பதற்காகத் தன்னைத்தானே முடுக்கிக்கொள்கிறது, வருஷக்கணக்கில் இந்தக் கயிறு இழுப்பு நடக்கிறது. திடீரென்று ஒரு பக்கத்தில் கயிற்றை விட்டால் என்ன ஆகும்? முடுக்கிவிட்ட மூளைக்குப் பிடிமானமே இல்லாமல் போய்விடும். ஆறு மணி நேரத்துக்குள்ளேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு. இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தியே தடுமாறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். எல்லோருக்கும் இது வராது. வந்து, வைத்தியம் பார்க்காமல் விட்டால் சாவு வரைக்கும் போகும்.

எங்கள் எதிர் வீட்டு அண்ணன் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15-ல் தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு இல்லை, அண்ணி இதுதான் சமயம் என்று கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்ட வைத்தார். அவரும் சத்தியமாகத் தொடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அண்ணி வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெறும் காற்றில் வலை பின்னிக்கொண்டிருக்கிறார். இடது கையால் கண்ணியைப் பிடிக்கிறார், வலது கையால் ஊசியைக் கோக்கிறார், முடிச்சை இழுத்து இறுக்குகிறார், பல்லால் நூலைக் கடித்துத் துப்புகிறார். கையில் ஒன்றுமே இல்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "சீக்கிரம் நூல் எடுடா, போட் கெளம்புது" என்று என்னைத் திட்டினார்.

"மூணு நாளா ஒரு சொட்டுகூட தொடலப்பா, அப்பவும் இன்னா இப்டி பண்றாரு?" என்று அண்ணி அழுதார். காத்து கருப்பு என்றார் ஒருவர், தர்காவுக்கு அழைத்துப்போய் மந்திரிக்கலாம் என்றார் இன்னொருவர். ஆட்டோ ஓட்டுகிற பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், "இது குடிய நிறுத்தனதால வர்றது, என் தம்பிக்கும் வந்துச்சு, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று அதட்டி வண்டியை எடுத்தார். அங்கே நடுக்கத்தை அடக்கும் மருந்து கொடுத்தார்கள், தயமின் என்கிற பி1 சத்தை நரம்பில் ஏற்றினார்கள். குடிப்பவர் உடம்பில் இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும், அதைக் கவனிக்காமல் விட்டால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போய்விடலாம் என்று டாக்டரம்மா விளக்கினார். அண்ணன் பிழைத்தார்.

நடுவில் ஒரு தடவை மறுபடி குடித்தார், அதுவும் உண்மை. அதற்குத் தெருவே காறித் துப்பியது. சர்க்கரை ஏறினால் யாராவது காறித் துப்புகிறோமா, மாத்திரையை மாற்றித்தானே கொடுக்கிறோம்? இந்த நோயும் திரும்பத் திரும்ப வரக்கூடியதுதான். குடிக்கு அடிமையாவதில் ஏறக்குறைய பாதி பரம்பரை வாகு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அதை அவரா கேட்டு வாங்கினார்?

அப்புறம், மின்சார ரயிலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ். அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்து குடியை மறக்கடிக்கலாம் என்று போன் நம்பரோடு இருக்குமே, தயவுசெய்து அதன் பக்கம் போகாதீர்கள். டைசல்பிரம் என்று ஒரு மாத்திரை உண்டு, டாக்டர் பார்த்து, சாப்பிடுகிறவருக்கும் தெரிந்து கொடுத்தால் பலன் தரும். தெரியாமல் கலந்து, அதன் மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகலாம். கட்டிப்போட்டு அடிக்கிற 'மறுவாழ்வு' இல்லங்களும் இருக்கின்றன. சேர்ப்பதற்கு முன்னால், 2017 மனநலச் சட்டத்தின்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, டாக்டர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள், மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலேயே மது, போதைக்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது, செலவும் இல்லை. 2025-ல் அரசு கலங்கரை என்ற பெயரில் மாநிலம் முழுக்க 25 மையங்கள் திறந்திருக்கிறது.

இப்போது என்னை அதிகம் பயமுறுத்துவது வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பையன்கள் போடுகிற வலி மாத்திரை. குடியைப்போல வாசனை இல்லை, தள்ளாட்டம் இல்லை, வீட்டில் தெரியவே தெரியாது. அதில் இருக்கிற டேபென்டடால் அபின் வகையைச் சேர்ந்த மருந்து, அளவு மீறினால் மூச்சையே நிறுத்திவிடும். ஊசியில் ஏற்றுகிற பையன்கள் ஒரே ஊசியை மாற்றி மாற்றிக் குத்திக்கொள்வதால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் பரவுகின்றன. பெற்றவர்கள் போலீஸுக்குப் பயந்து மறைக்கிறார்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வருகிற போதைப்பொருளைச் சொந்த உபயோகத்துக்காகச் சிறு அளவு வைத்திருந்து மாட்டியவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. விற்கிறவனுக்கு இது பொருந்தாது. இதைப் பிள்ளையைப் பெற்ற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு என்று பாட்டிலில் அச்சடிக்கிறார்கள். குடிக்கிறவருக்கும் அது தெரியும். அதே லேபிளில், தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு வரியும், 14446 என்ற இலவச உதவி எண்ணும் பெரிய எழுத்தில் போடச் சொல்லி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப்போகிறேன். எதிர் வீட்டு அண்ணிதான் முதல் கையெழுத்து. உங்கள் தெருவில் கையெழுத்து வாங்கித் தர முடிந்தவர்கள் சொல்லுங்கள், மனு நகலை அனுப்புகிறேன்.