தொலைநோக்கியின் கண்ணாடியைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது

பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்பதால், நாம் பார்க்கக்கூடிய எல்லையும் 1380 கோடி ஒளியாண்டுதான் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஒளி வந்துகொண்டிருக்கும்போதே வெளியும் விரிந்துவிட்டது. அந்த எல்லை இன்று சுமார் 4600 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

நடைமுறைத் தடை அதற்கு முன்பே வந்துவிடும். சிவப்புப் பெயர்ச்சி (வெளி விரிவதால் ஒளியின் அலை நீளும் அளவு) 14 உள்ள ஒரு விண்மீன் திரளை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் அலை 14+1, அதாவது 15 மடங்காக நீண்டு 1.8 மைக்ரானை (1800 நானோமீட்டரை) தொடும். அதைவிடக் குறுகிய அலைகளை இடையிலுள்ள ஹைட்ரஜனே விழுங்கிவிடும். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கேமராவோ 1.7 மைக்ரானோடு சரி. எத்தனை மணி நேரம் படமெடுத்தாலும் இருட்டுதான்! ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதைத் தாண்டிப் பார்க்கும். ஆனால் அதன் கண்ணாடி சூடானால் அதுவே அகச்சிவப்பில் ஒளிரும். ஐந்தடுக்குச் சூரியக் கவசம் அதற்காகத்தான்.

பெருவெடிப்புக்குப் பின் முதல் 3.8 லட்சம் ஆண்டு எலக்ட்ரான்கள் தனித்துத் திரிந்து ஒளியைச் சிதறடித்தன. அங்கே ஒளியை நம்பும் எந்தத் தொலைநோக்கியும் எடுபடாது.