கிறுகு என்றால் கிறுகிவிட வேண்டும்

சித்திரை வருசத்துக்கு ஊருக்கு வந்தால் மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் ஒரு பின்னேரமாவது கிளித்தட்டு விளையாட்டு நடக்கும். எல்லோருக்கும் வயிறு வைத்துவிட்டது, ஆனால் வாய் மட்டும் பன்னிரண்டு வயதில் இருந்த அதே வாய்.

தெரியாதவர்களுக்கு: மறிக்கிற பக்கத்தில் குறுக்குக் கோட்டுக்கு ஒருவர். அவர் தன் கோட்டை விட்டு அசையக்கூடாது. அவர்களில் கிளி என்கிற ஒருவருக்கு மட்டும் நடுக்கோடு முழுக்க ஓட உரிமை. இறங்குகிறவர்கள், அதாவது எதிர்ப் பக்கம், கோடுகளுக்கு நடுவில் இருக்கிற எல்லாத் தட்டையும் கடந்து திரும்பி வர வேண்டும். கடக்காதவன் காய், கடந்து கிறுகி, அதாவது திரும்பி, வருகிறவன் பழம். எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கு மறிக்கிறவர் கையால் அடி விழுந்தால் மொத்தப் பேரும் வெளியே, அதனால் அடிபட்டவனுக்கு அன்று ராத்திரிச் சோறு வரைக்கும் பேச்சு விழும்.

வேகமாக ஓடுகிறவன் வெல்வான் என்று நினைக்காதீர்கள். எங்களில் ஆகக் கெட்டிக்காரன் என் மச்சான், நடந்தாலே மூச்சு வாங்குகிற ஆள். அவன் செய்வதெல்லாம் கிளிக்குக் கை எட்டும் எட்டாத தூரத்தில் போய் நின்று, சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதை கொடுப்பதுதான். "என்ன மனே, களைச்சிட்டியா?" கிளிக்குச் சூடு ஏறும், அவனையே பார்த்துக்கொண்டு நிற்கும், அதற்குள் மற்றப் பக்கத்தால் இரண்டு பேர் இறங்கிவிடுவார்கள். இதற்கு நாங்கள் வைத்த பேர் இரால் குத்துறது. தூண்டிலில் இரால் குத்தி மீன் பிடித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

முதுகுப் பக்கம் கிளி வந்தால் "கிறுகு!" என்று கத்துவோம். ஒருமுறை யாழ்ப்பாணத்துச் சிநேகிதன் ஒருவனைச் சேர்த்தோம். அவனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை, "என்னது?" என்று எங்களைப் பார்த்து நிற்கும்போதே முதுகில் பளார்.

சண்டை வருவது எப்போதும் கோட்டில்தான். ஈர மணலில் குதிகாலால் இழுத்த கோடு பத்து நிமிசத்தில் அழிந்துபோகும், அப்புறம் அவனவன் கால் நிற்கிற இடம்தான் கோடு. அளாப்பிகளுக்கு, அதாவது ஏமாற்றி விளையாடுகிறவர்களுக்கு, கொண்டாட்டம். போன வருசம் பழைய வலைக்கயிறு கொண்டுவந்து புதைத்துப் பார்த்தோம். மச்சான் கதை கொடுத்துக்கொண்டே பெருவிரலால் கயிற்றை அரையடி தள்ளிவிட்டான், மறுகா கிளியைப் பார்த்து "கோட்டுக்கு வெளியில நிண்டுதான் அடிச்சாய்" என்று சத்தியம் வேறு செய்தான்.