முன்னுரிமைத் தேதியும் பிள்ளைகளின் வயதும்

அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்த என் அக்கா, உடன்பிறந்தோருக்கான எஃப்4 பிரிவில் எனக்காக ஐ-130 என்னும் குடியேற்ற மனுவைத் தாக்கல் செய்தது 2006 மே மாதத்தில். அப்போது என் மகளுக்கு எட்டு வயது; மகனுக்கு நான்கு. எங்கள் முறை வந்தது 2025இல். இடைப்பட்ட 19 ஆண்டுகளில் மதுரை எஸ்.எஸ். காலனியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "இன்னுமா வரவில்லை?" என்றே கேட்டார்கள். மனு நிராகரிக்கப்பட்டதை நாங்கள் மறைக்கிறோம் என்று உறவினர்களிலேயே சிலர் நம்பினார்கள்.

காரணம் எளிது. இந்தப் பிரிவுக்கு உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 65,000 விசாக்கள்தான். மனைவியும் பிள்ளைகளும்கூட அந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடக்கம். அதற்கு மேல், எந்த ஒரு நாடும் 7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்னும் உச்சவரம்பும் இருப்பதால், இந்தியர்களின் வரிசை தனியாக நீள்கிறது. மாதந்தோறும் வெளியாகும் விசா புல்லட்டின் என்னும் அமெரிக்க அரசு அறிவிப்பில் நம் முன்னுரிமைத் தேதி, அதாவது மனு தாக்கலான நாள், வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பணம் கொடுத்தால் வரிசையில் முன்னே கொண்டுபோகிறேன் என்று சொல்லும் முகவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வது பொய்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது பிள்ளைகளின் வயதைப் பற்றி. 21 வயது நிறைந்த பிள்ளை பெற்றோரின் மனுவிலிருந்து நீங்கிவிடும் என்பது பொது விதி. ஆனால் 2002இல் வந்த ஒரு சட்டத்தின்படி, நம் முறை வந்து விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளைக்கு உள்ள வயதிலிருந்து, மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை, அதாவது தாக்கலானதிலிருந்து ஒப்புதல் வரையிலான காலத்தை மட்டும், கழித்துக்கொள்ளலாம். ஒரு நாள் இரவு, கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் நானும் மகனும் இந்தக் கணக்கைப் போட்டோம். அவனுக்கு 23 வயது 5 மாதம். மனு ஒப்புதலாக எடுத்துக்கொண்டது 3 வருடம் 4 மாதம். மீதி 20 வயது ஒரு மாதம். ஒப்புதல் தாமதமாகிறதே என்று அன்று நான் மனம் நொந்த அந்தக் காலம்தான் அவனைக் காப்பாற்றியது. ஆனாலும் விசா எண் கிடைத்த ஓராண்டுக்குள் அவன் பெயரில் விண்ணப்ப நடவடிக்கையைத் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் போய் இறங்கும்வரை அவன் திருமணம் செய்துகொள்ளவும் கூடாது.

மகளுக்கு அதே கணக்கைப் போட்டபோது 24 வந்தது. என் 2006ஆம் ஆண்டுத் தேதியையாவது அவள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, எஃப்4 பிரிவில் அதற்கு இடமில்லை என்றார். நான் கிரீன் கார்டு பெற்ற பின் அவளுக்காகப் புதிதாக மனுச் செய்யலாம். அதுவும் அவள் திருமணமாகாமல் இருந்தால் மட்டுமே. இன்னும் பல ஆண்டுகள் நகரப்போகும் ஒரு வரிசைக்காக என் மகளின் வாழ்க்கையை நிறுத்தி வைக்க நான் உடன்படவில்லை. நல்ல இடம் அமைந்தது, சென்ற தையில் திருமணத்தை முடித்தோம்.

ஆவணங்களில் எங்களை அலைக்கழித்தது மனைவியின் பிறப்புச் சான்றிதழ். உசிலம்பட்டிக்கு அருகில் வீட்டிலேயே பிறந்தவர், பிறப்பு பதியப்படவில்லை. பதிவேட்டில் இல்லை என்னும் சான்றைத் தாலுகா அலுவலகத்தில் நான்கு முறை அலைந்து வாங்கினோம். அதனுடன் பள்ளிச் சான்றிதழையும், பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர் ஒருவரின் அஃபிடவிட்டையும் சேர்த்தோம். மனைவியின் பெரியம்மா நோட்டரி முன் உட்கார்ந்து, "மாசிப் பச்சைக்கு மறுநாள், விடியக் கருக்கலில் பிறந்தாள்" என்றார்கள். மாசிப் பச்சை அந்தப் பக்கத்துக் கோயில் திருவிழா. பள்ளிச் சான்றிதழிலும் மாசி மாதத் தேதிதான் இருந்தது. மை தொட்ட கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைக்காமல், தாள் காயும்வரை அப்படியே உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

மனு போட்டுக் காத்திருப்பவர்கள், ஒப்புதல் கடிதத்தில் உள்ள தாக்கல் தேதி, ஒப்புதல் தேதி இரண்டையும் எடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கழித்தல் கணக்கை இன்றே போட்டுப் பாருங்கள். எங்கள் மகளுக்கு அதை 2022லேயே போட்டிருந்தால், மூன்று ஆண்டுகள் அவள் வீண் நம்பிக்கையோடு காத்திருக்க நேர்ந்திருக்காது. மும்பை நேர்காணலுக்கான எங்கள் மூவரின் கோப்புகளையும் வரிசையாக அடுக்கி, மேலே பெயர் எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.