சாளை மீனும் இஞ்ச் டேப்பும்

முடக்குவாதம் என்ற மூட்டு நோய் வந்த தையல்காரிக்கு முதலில் மக்கர் செய்வது கத்தரிக்கோல்தான். மிஷினுக்கு மோட்டார் இருக்கிறது, சமாளித்துவிடலாம். நாலு மடிப்பாய்க் கிடக்கும் லைனிங் துணியை வெட்டுவதற்குப் பெருவிரல் சொன்னபடி கேட்க வேண்டுமே! நாகர்கோவில் பக்கம் சின்னதாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். நோயைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரு நாள், கூடவே ஃபோலிக் ஆசிட் என்று சிகிச்சை போய்க்கொண்டிருக்கிறது. என் விரல்களைப் பார்க்கிற மூட்டுவலிக்காரப் பெண்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். "அக்கா, என்ன சாப்பிட்டா இது குறையும்?"

சாப்பாட்டால் குறைகிறது. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டை மட்டும் நம்பினால் மூட்டு போய்விடும். நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய் இது. அரித்துப்போன எலும்பை எந்தக் கீரையும் திருப்பித் தராது. "இந்த மாத்திரையெல்லாம் சூடு மக்களே, நிப்பாட்டிட்டு மஞ்சளைக் குடி" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வது பாசத்தில்தான். அதைக் கேட்டு நடந்தவர்களின் விரல் கோணிப்போனதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி என்று ஒன்று வரும். அது கல்லீரல் தயாரிக்கும் புரதம். உடம்பில் அழற்சி நடக்கும்போது இன்டர்லூக்கின்-6 என்ற வேதிப்பொருள் கல்லீரலைத் தூண்டிவிடும், சிஆர்பி ஏறும். இந்த இன்டர்லூக்கின்-6 மூட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பும் அதைச் சுரக்கிறது. டாக்டர் இதை விளக்கியபோதுதான் என் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பின் அருமை எனக்குப் புரிந்தது. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஆண்களுக்கு 90. டேப்பில் பார்த்தால் பெண்களுக்கு முப்பத்தொன்றரை இஞ்ச். நம்மில் நிறையப் பேருக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். எடை மிஷின் இதைக் காட்டிக்கொடுக்காது. டேப் காட்டிவிடும்.

அதனால் தட்டில் சோற்றைக் குறைத்து, துவரனையும் (பொரியல்) கூட்டையும் அதிகமாக்கினேன். இந்திய உணவு வழிகாட்டி 2024-ல் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. எடுத்து வைத்துப் பாருங்கள், மலைப்பாக இருக்கும். முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, சிறுபயறு என்று மாற்றி மாற்றிச் செய்தால்தான் அந்த அளவு நடக்கும். இவற்றின் நார்ச்சத்தைக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை குடல் சுவரைக் காக்கின்றன, எதிர்ப்புச் சக்தியின் ஆவேசத்தையும் தணிக்கின்றன. சாயங்கால மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) சிப்ஸையும் நான் பெரும்பாலும் விட்டுவிட்டேன். கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்கிறார்கள். ருசி எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், சீனிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது சாளைக்கு வருகிறேன். வெளியூரில் மத்தி என்பார்கள். வீட்டுக்கு விருந்தாள் வந்தால் சாளையை யாரும் வாங்க மாட்டார்கள், நெய்மீனுக்குத்தான் மரியாதை. அழற்சியைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு, அதிலும் இபிஏ, டிஹெச்ஏ இரண்டும், நிறைய இருப்பது இந்த ஏழை மீனில்தான். அயிலையிலும் (கானாங்கெளுத்தி) உண்டு. தினம் மூன்று கிராம் அளவுக்கு ஒமேகா-3 மாதக்கணக்கில் எடுத்த முடக்குவாதக்காரர்களுக்குக் காலை விறைப்பும் வலியும் ஓரளவு குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்த அளவுக்குத் தினமும் மீன் தின்ன முடியாது. ஆனாலும் வாரத்தில் சில நாள் சாளை என் அடுப்பில் ஏறும். பொரிப்பதில்லை. பொரித்தால் மீனின் கொழுப்பு கொஞ்சம் சட்டியில் இறங்கிவிடும், சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறும். தேங்காயும் நல்லமிளகும் அரைத்துப் புளிமுளம் என்ற எங்கள் ஊர் மீன்குழம்பு வைத்தால் எல்லாம் குழம்பிலேயே நிற்கும். குளச்சல் பக்கம் ஜூன், ஜூலையில் விசைப்படகுத் தடை இருக்கும், மீன் விலை ஏறும். மரக்கறிக்காரர்கள் ஆளி விதையை வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம். ஆனால் அதிலிருக்கும் ஒமேகா-3 வேறு வகை, உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் மீனில் இருக்கிற வகையாக மாற்றிக்கொள்ளும்.

மஞ்சளைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. மஞ்சளில் அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லப்படும் சத்தான குர்குமின், மஞ்சள்தூளில் சுமார் மூன்று சதவீதம்தான். ஒரு டீஸ்பூன் போட்டாலும் நூறு மில்லிகிராம் தேறாது, குடலும் அதை லேசில் உறிஞ்சாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து, கொடுத்தபோது உறிஞ்சப்படும் அளவு இருபது மடங்கு ஆனது. குழம்பில் மஞ்சளும் மிளகும் சேர்வது நல்லதுதான், தாராளமாகப் போடுங்கள். நான் பயப்படுவது கடைகளில் விற்கும் குர்குமின்–பைப்பரின் கேப்சூலுக்குத்தான். அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிற நாம் ஏற்கெனவே கல்லீரலுக்கு அடிக்கடி ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். டாக்டரிடம் சொல்லாமல் அந்தக் கேப்சூலைத் தொடவே கூடாது.

அப்புறம், தூக்கம். கிறிஸ்துமஸ் சீசனில் ராத்திரி முழித்துத் தைத்தால் மறுநாள் காலை விரல் மடங்க மறுக்கும். தூக்கம் கெட்டால் அழற்சிக் குறியீடுகள் ஏறும் என்பது ஆய்விலும் தெரிந்த விஷயம். ஆகவே டிசம்பர் பிறந்ததுமே ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடுகிறேன். சில பேருக்குக் கோபம்தான், இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு நடை போய்வருகிறேன். பல் டாக்டரிடம் ஈறு சுத்தம் செய்துகொள்கிறேன், ஈறு நோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு இருக்கிறது. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் நிறுத்தச் சொல்லிச் சண்டையே போடுங்கள். புகை இந்த நோயைத் தூண்டும், பிடிக்கிறவருக்கே நோய் இருந்தால் மருந்து சரியாக வேலை செய்யவும் விடாது.

இதை வாசிக்கிற யாருக்காவது காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் விறைத்து, இளக ஒரு மணி நேரம் ஆகிறதா? விரல் கணுக்களில் வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டியும் நிற்கிறதா? அப்படியென்றால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மூட்டுவாத மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். சாளையை இன்றைக்கே வாங்கலாம்.